சட்டை சொல்லும் சேதி

பாம்பு நலமாக இருக்கிறதா என்று அறிய அதன் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. உரித்துப் போட்ட சட்டையைப் பார்க்க வேண்டும். மூக்கிலிருந்து வால்நுனி வரை, கண்களை மூடியிருந்த இரண்டு கண்ணாடிச் செதில்களோடு முழுசாகக் கழன்றிருந்தால் கூண்டின் ஈரப்பதம் சரி. துண்டு துண்டாகக் கிழிந்து கிடந்தால், பெரும்பாலும் பாம்பு வறண்ட காற்றில் வாடுகிறது என்று பொருள். உரியாமல் ஒட்டிக்கொண்ட கண்செதிலை நகத்தால் பிய்க்கப் போய்க் கண்ணையே கெடுத்துவிடுபவர்களும் உண்டு.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் பரவலாக வளர்க்கப்படுவது பந்து மலைப்பாம்பு. மிரண்டால் தலையை உள்ளே புதைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாட்டுப் புல்வெளிகள். மழையற்ற மாதங்களில் அங்கே காற்று காய்ந்துவிடும். ஆனால் பாம்பு பகலெல்லாம் பதுங்கியிருப்பது எலிவளையிலும் கறையான் புற்றிலும். புற்றுக்குள் ஈரம் அவ்வளவு எளிதில் வற்றாது.

வளர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். கண்ணாடித் தொட்டி, வலைமூடி, அதன்மேல் சூடான பல்பு. சூடேறிய காற்று வலை வழியே மேலேறும்போது ஈரத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாத ஈரப்பதம் பாதியாகிவிடும். பதறிப்போய்ப் பொழுதுக்கும் தண்ணீர் தெளிப்பார்கள். அளவு ஏறும், சற்று நேரத்தில் இறங்கும். தரை மட்டும் சொதசொதவென்று கிடக்கும். பிறகு வயிற்றுச் செதில் அழுகும், நுரையீரலில் சளி கட்டும்.

மூடியில் காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு மீதியை அடைத்துவிடலாம். தரையில் தென்னைநார்த் தூளைக் கனமாகப் பரப்பி, அடியில் ஈரமும் மேலே உலர்வுமாக வைத்திருக்கலாம். நம் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறார்களே, அதே தூள்தான். கூடவே ஈரப்பாசி நிரப்பி, ஓரத்தில் துளையிட்ட மூடிய டப்பா ஒன்று. சட்டை உரிக்கும் முன் கண் பால் படர்ந்தாற்போல் மங்கும். அப்போது பாம்பு தானே அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வெளிச்ச விஷயத்தில் இவ்வளவு பாடு இல்லை. இது இரவில் நடமாடும் பிராணி. பகலில் 12 மணி நேரம் வெளிச்சம், இரவில் முழு இருட்டு, அவ்வளவே. இரவுக்கென்று விற்கும் வண்ண பல்புகள் வீண்செலவு. சூடு வேண்டுமானால் ஒளி விடாத பீங்கான் சூடேற்றி போதும், அதற்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம். ஒரு கோடி 32 டிகிரி, மறுகோடி 25 டிகிரி என்று வைத்தால் வேண்டிய இடத்தைப் பாம்பே தேர்ந்துகொள்ளும். புற ஊதா விளக்கு வேண்டுமா என்பதில் சச்சரவு ஓயவில்லை. எலியை முழுசாக விழுங்குவதால் வைட்டமின் டி இரையிலிருந்தே கிடைக்கிறது. 2008-இல் வெளிவந்த ஆய்வில் கார்ன் பாம்புகளுக்கு அந்த விளக்கால் இரத்தத்தில் வைட்டமின் டி கூடியது. 2013-இல் பந்து மலைப்பாம்புகளில் பார்த்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒளிந்துகொள்ள இடமிருந்தால் மிதமான விளக்கு கெடுதல் செய்யாது என்பது என் கட்சி.

நல்லபாம்பையோ சாரையையோ இங்கே வீட்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாம்பைப் பார்க்கும் ஆசையிருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போய்வாருங்கள். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே நஞ்சு எடுக்கிறது. ஏறத்தாழ மூன்று வாரம் வைத்திருந்துவிட்டுப் பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதுவரை அவை இருப்பது அடியில் மணல் பரப்பி, வாயைத் துணியால் கட்டிய மண்பானையில்.