காற்றில் இயங்கும் ஃபேன் கிளச்: திருத்துவதா, மாற்றுவதா?

கனரக லொறியின் எஞ்சினை குளிர்விக்கும் ஃபேன் சும்மா சுழல்வதில்லை. பல குதிரைவலுவை அது விழுங்கிவிடும். லொறி ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டரில் மோதுவதால் பெரும்பாலான நேரம் ஃபேன் தேவைப்படுவதுமில்லை. வீணாகும் டீசலை மிச்சப்படுத்தவே ஹோர்ட்டன் போன்ற அமெரிக்கக் கம்பனிகள் காற்றில் இயங்கும் ஃபேன் கிளச்சைச் செய்கின்றன. சிலிக்கன் எண்ணெய் உள்ள கிளச் வேறு. இது லொறியின் காற்றுத் தாங்கியிலிருந்து காற்றை எடுக்கிறது.

பெல்ட் சுற்றும் கப்பிக்கும் ஃபேனுக்கும் இடையே பிரேக் லைனிங் போன்றதொரு உராய்வுத் தட்டு உண்டு. தண்ணீர் சூடானதும் சொலினொய்ட் வால்வு காற்றைத் திறக்கும் அல்லது மூடும். லைனிங் பிடித்துக்கொள்ள, ஃபேன் சுழலும்.

உதிரிப்பாக வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒரு வகையில் ஸ்பிரிங் பிடிக்கும், காற்று விடுவிக்கும். காற்று கசிந்தால் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் போகுமே தவிர எஞ்சின் தப்பும். மற்றதில் காற்றுத்தான் பிடிக்கும். அங்கே காற்றுப் போனால் ஃபேன் நிற்கும், எஞ்சின் கொதிக்கும். வகையைக் கேட்காமல் சாமான் கொடுப்பவரிடம் நான் எதையும் வாங்கமாட்டேன்.

கிளச்சைக் குறைசொல்லுமுன் வால்வையும் காற்றழுத்தத்தையும் பாருங்கள். ஸ்பிரிங் வகையில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தலுக்குக் குறைந்தால் கிளச் முழுதாக விடுபடாது, உரசி உரசி லைனிங் கருகிவிடும். கொம்பிரசரின் எண்ணெய் காற்றோடு வந்தால் சீல் ஊதிப்போகும். இந்தக் காரணங்களைத் திருத்தாமல் புதுக் கிளச் பூட்டினாலும் அதே கதிதான்.

திருத்துவதற்கான கிட் பல தரத்தில் கிடைக்கிறது. சிலதில் சீல் மட்டும். பெரியதில் பெயாரிங், லைனிங், ஸ்பிரிங்கும் இருக்கும். கழற்றிய பின் பெயாரிங்கில் சத்தமோ ஆட்டமோ தெரிந்தால் சீலை மட்டும் மாற்றுவது காசைக் கரைப்பது. உராயும் உலோக முகம் நீலம் பாய்ந்து வெடித்திருந்தால் கிட் வாங்கவே வேண்டாம், முழுக் கிளச்சையும் மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் இறுக்கத்தில் இருப்பதால், தயாரிப்பாளரின் கைந்நூலைப் பார்க்காமல் போல்ட்டைக் கழற்றும் பாஸ்மாரை நான் நம்புவதில்லை.

பூட்டுமுன் காற்றை ஏற்றி, சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் திரும்பவும் கழற்ற வேண்டியதுதான்.