கதவில்லாத மருந்துக் கடை

நோய் தீர்க்கும் பணிக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்பது வள்ளுவர் வாக்கு. நோயாளி, வைத்தியர், மருந்து என்னும் மூன்றையும் நாம் எளிதில் நினைவிற் கொள்வோம். நான்காமவரைப் பெரும்பாலும் மறந்துவிடுவோம். மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் என்று பரிமேலழகர் அவரை விளக்குகிறார். இக்காலத்தில் அப்பொறுப்பைத் தாங்குபவர் மருந்தாளர்.

இன்று ஏறாவூரில் இருந்தபடியே வைத்தியரின் சிட்டையைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து அனுப்பினால், கொழும்பிலிருந்து மருந்து வீடு தேடி வரக்கூடும். 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாள்களில் இம்முறை இலங்கையிற் பலருக்குக் கைகொடுத்தது. நடக்க இயலாத முதியோர்க்கு இது பேருதவியே. ஆயினும், அந்த நான்காமவர் எங்கே இருக்கிறார் என்று நாம் கேட்டாக வேண்டும்.

தெருவிலுள்ள மருந்தகத்தைச் சட்டம் கண்காணிக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி, மருந்துக்கும் வேண்டும். அதனை விற்கும் இடத்துக்கும் வேண்டும். மருந்தாளர் இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெற்றவராதல் வேண்டும். உணவு, மருந்துப் பரிசோதகர் கடைக்குள் வந்து அனுமதிப்பத்திரத்தையும், காலாவதித் திகதிகளையும், குளிர்சாதனப் பெட்டியையும் பார்வையிடலாம். கடைக்கு ஒரு கதவு இருப்பதனாலன்றோ இவையெல்லாம் இயலுகின்றன! இணையக் கடைக்குக் கதவு ஏது?

அயல்நாடாம் இந்தியாவில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. 2018 ஓகஸ்ட்டில் அந்நாட்டு அரசு வரைவு விதிகளை வெளியிட்டது. இணைய மருந்தகம் பதிவு பெறல் வேண்டும், போதை தரும் மருந்துகளை விற்றலாகாது, நோயாளியின் விபரங்களை வெளியிடலாகாது, ஈராண்டுக்கொருமுறை அதன் இடம் பரிசோதிக்கப்படும் என்பன அவற்றுட் சில. தமிழ்நாட்டு மருந்து வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில், விதிகள் முறைப்படி அறிவிக்கப்படும் வரை இணைய விற்பனை கூடாது எனச் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி அவ்வாண்டு டிசெம்பரில் ஆணையிட்டார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அவ்வாணையை இடைநிறுத்தியது. முற்றாகத் தடுப்பதும் எளிதன்று. கட்டின்றி விடுவதும் தகாது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு வழி கண்டது. 2015 ஜூலை முதல் அங்குள்ள இணைய மருந்தகங்கள் பொது இலச்சினை ஒன்றைத் தம் பக்கத்திற் காட்டுதல் வேண்டும். அதனைத் தொட்டால் அந்நாட்டு அதிகாரிகளின் பதிவேடு திறக்கும். கடையின் பெயர் அதில் உண்டா என்று எவரும் காணலாம். இலச்சினையை ஒருவர் திருடி ஒட்டலாம்; பதிவேட்டிலே தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்ள முடியாது. கதவில்லாக் கடைக்குச் சட்டம் அமைத்துக் கொடுத்த கதவு இதுவே.

இது வெறும் காகித ஒழுங்கு அன்று. உடைக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரிற் பேண வேண்டும். கொழும்பிலிருந்து ஏறாவூருக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். நம் கிழக்கிலங்கை வெயிலில் அப்பொதி எங்கெங்கே கிடந்தது என்று யார் அறிவார்? வீரியம் குன்றிய இன்சுலின் கண்ணுக்கு நல்லதுபோலவே தோன்றலாம். வளரும் நாடுகளிற் புழங்கும் மருந்துகளிற் பத்தில் ஒன்று தரங்குறைந்தது அல்லது போலி என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டதையும் இங்கு எண்ணிப் பார்த்தல் நன்று.

வீட்டு மூத்தோருக்காகக் கைத்தொலைபேசியை இயக்குபவர் பெரும்பாலும் மாணவரே. அவர்கள் விற்பவரின் முகவரி, அனுமதி இலக்கம், மருந்தாளரின் பெயர் ஆகிய மூன்றையும் கேட்டறிக. சிட்டை கேளாமலே நுண்ணுயிர்க்கொல்லியோ தூக்க மருந்தோ தருபவரை விட்டு விலகுக. வந்த பொதியின் முத்திரை, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியவற்றைப் பார்த்துப் பற்றுச்சீட்டைப் பேணுக. ஐயம் எழுந்தால் அருகிலுள்ள வைத்தியசாலை மருந்தாளரிடம் காட்டிய பின்னரே உட்கொள்ளச் செய்க. பரிசோதகர் நுழைய இயலாத கடைக்கு, வாங்குபவரே முதற் பரிசோதகர் ஆவார்.