உஷார்! அந்தச் செம்மண் பாதை பொதுவழி இல்லை

ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன், ஜிம்னி என்று வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கும் தம்பிகளே, வாரக் கடைசியில் அந்த வண்டிகளில் பிள்ளைகளையும் ஏற்றி அனுப்பி வைக்கும் வீட்டுக்காரர்களே, இதைப் படித்துவிட்டுச் சாவியை எடுங்கள்.

போர்டிக்சன் என்றால் முன்பு கடற்கரைதான். இப்போது கடற்கரையில் கூட்டம் தாங்காமல், தார்ச்சாலையை விட்டு விலகித் தோட்டங்களுக்குள் புகுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கோலாலம்பூரிலிருந்து 90 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், சுங்காலா, ஆத்தர்டன், தானா மேரா என்று அந்த வட்டாரம் முழுக்கத் தோட்டப் பெயர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிவப்புப் பாதை செம்பனைகளுக்கு நடுவே வளைந்து போகும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதைகளில் மிகப் பெரும்பாலானவை தோட்ட நிறுவனத்தின் சொத்து. குலை ஏற்றும் லோரிக்கும் டிராக்டருக்கும் போட்ட பாதை அது.

“மேப்புல காட்டுதே” என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் பதில். கூகுள் மேப்பும் வேஸும் கோடு போட்டுக் காட்டும், உண்மைதான். மேலிருந்து எடுத்த படத்தில் பாதை தெரிந்தால் கோடு விழும். யாராவது கைப்பேசியோடு அந்த வழியில் போயிருந்தாலும் விழும். அந்த நிலம் யாருடையது, கேட் எப்போது பூட்டப்படும், போன மழையில் பாலம் போய்விட்டதா என்பதெல்லாம் அந்தக் கோட்டில் தெரியாது.

இரண்டாவது பதில் நம் மக்களிடமிருந்து மட்டும் வருவது. அதைக் கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. “எங்க தாத்தா பால்மரம் வெட்டின தோட்டம் சார், எங்க அம்மா பொறந்த லயம் அங்கதான் இருந்துச்சு, எங்களை யாரு கேக்கப் போறா?” கேட்பார்கள், தம்பி. பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல வருடமாகிவிட்டது. பல இடங்களில் லயங்களை இடித்தாகிவிட்டது, பிரட்டுக் களம் இருந்த இடமே தெரியவில்லை. உங்கள் குடும்பத்தை அறிந்த கிராணியும் கங்காணியும் அங்கே இல்லை. நிற்கும் காவலாளி நேபாளத்துக்காரராக இருக்கலாம். குலை அறுப்பவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசியாகவோ இருக்கலாம். கோயில் இன்னும் இருக்கிற தோட்டங்களில் திருவிழா அன்று கேட்டைத் திறந்துவிடுவார்கள். அந்த ஒரு நாள் பழக்கத்தை நம்பி அடுத்த சனிக்கிழமை ஃபோர்வீலோடு போய் நின்றால், நீங்கள் அத்துமீறி நுழைந்த ஆள். உங்கள் தாத்தாவின் வியர்வை அந்த மண்ணில் இருக்கிறது என்பதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். கேட்டில் நிற்பவருக்கு அது தெரிய வழியில்லை.

அவர் கண்ணுக்கு நீங்கள் யாராகத் தெரிவீர்கள் என்பதில்தான் பெரிய ஆபத்து. செம்பனைக் குலைத் திருட்டு தோட்டங்களின் தீராத தலைவலி. ஒரு குலை 15 முதல் 25 கிலோ இருக்கும். ஒரு டன் பழம் பல நூறு ரிங்கிட். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் இல்லாமல் பழத்தை வாங்கவோ விற்கவோ கூடாது என்று சட்டம் இருந்தும் திருட்டு நின்றபாடில்லை. திருடர்கள் வருவதும் பின்கூண்டு உள்ள ஃபோர்வீலில்தான், ஆள் நடமாட்டம் குறைந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மண்டோர், தன் அக்காள் மகனிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “டேய் மாப்ளே, நீ போட்டோ எடுக்க வந்தியா, பூப்பறிக்க வந்தியான்னு எனக்கு எப்படிடா தெரியும்? ராத்திரி ஏழரை மணிக்கு விளக்கை அணைச்சிட்டு ஒரு ஃபோர்வீல் உள்ள நிக்குது. நான் குலை திருடன்னுதான் நினைப்பேன். என் ஆளுங்க கையில அரிவா இருக்கும், நீயும் வீம்பு பேசுவ. அப்புறம் என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா?”

தண்டனைச் சட்டத் தொகுப்பின் 441ஆவது பிரிவு அத்துமீறி நுழைவது எது என்று சொல்கிறது; 447ஆவது பிரிவு அதற்கான சிறையையும் அபராதத்தையும் சொல்கிறது. கெட்ட எண்ணம் இருந்ததா என்பது வழக்கு மன்றத்தில் பேச வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் இரவெல்லாம் போலிஸ் நிலையத்தில் உட்கார்ந்து, வண்டியில் ஒட்டியிருக்கும் உதிரிப் பழம் எப்படி வந்தது என்று விளக்க வேண்டியிருக்கும். டயர் பள்ளத்திலும் கூண்டிலும் உதிரிப் பழம் தானாக வந்து சிக்கிக்கொள்ளும் என்பது தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். விசாரிக்கிற அதிகாரிக்கும் தெரிந்திருக்க வேண்டுமே!

அடுத்தது அகழி. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். திருட்டு வண்டிகளைத் தடுக்கத் தோட்ட எல்லையிலும் பழைய குறுக்குப் பாதைகளிலும் எக்ஸ்கவேட்டர் வைத்துப் பள்ளம் தோண்டிப் போடுகிறார்கள். தோண்டிய புதிதில் மண்மேடு தெரியும். சில மாதம் போகட்டும், போய்ப் பாருங்கள். மண் அரிப்பைத் தடுக்கச் செம்பனைக்கு அடியில் முக்கூனா என்றொரு மூடுகொடி நட்டிருப்பார்கள். அகலமான மூன்றிலைக் கொடி, வெறித்தனமாகப் படரும். அது அகழியின் இரண்டு கரையிலிருந்தும் வந்து நடுவில் பின்னிக்கொள்ளும். அதன்மேல் லாலாங் புல்லும் பெரணியும் எழும். வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் பாதை முழுக்க ஒரே மட்டமாகப் பச்சையாகத் தெரியும். முன்சக்கரம் இறங்கும்வரை கீழே ஆள் உயரப் பள்ளம் இருப்பது தெரியாது. அப்படி மூக்குக் குத்தி நிற்கும் வண்டியில் முன்சீட்டில் ஒரு குழந்தை பெல்ட் போடாமல் நின்றுகொண்டிருந்தால்? எழுதவே கை நடுங்குகிறது.

பாலமும் அப்படித்தான். லோரி போகும் பாலம் தாங்கும். அறுவடைக்காரரின் மோட்டாரும் தள்ளுவண்டியும் கடக்கக் கால்வாய்மேல் போட்ட பலகையும் பழைய மரத்துண்டும் இரண்டு டன் ஹைலக்ஸைத் தாங்காது. வெட்டி அடுக்கிய மட்டைகளின் காம்பில் வரிசையாக முள் இருக்கும். ஓரமாக ஒதுங்கினால் டயரின் பக்கச்சுவர் கிழியும். எதிரே வரும் லோரிக்கு ஒதுங்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். ஓட்டுநர் அவசரத்தில் வருவார். உங்களை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மழை பெய்தால் கணக்கே மாறிவிடும். உள்பக்கத்து மேட்டு நிலத்தில் செம்மண்ணோடு சரளை கலந்திருப்பதால் சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும். லிங்கி ஆற்றுப் பக்கமும் லுக்குட் பக்கமும் தாழ்ந்த இடங்களில் களிமண். அரை மணி நேர மழைக்குப் பிறகு அது நனைந்த சோப்புக் கட்டிதான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும் மழையை நெகிரி செம்பிலானில் வளர்ந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் நீங்கள் உள்ளே வந்த பாதை சாயங்காலம் வெளியே விடாது. 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் ஃபோர்வீல் போட்டியின் வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் சேற்றைத் தேடிப் போகிறார்கள். அந்தப் போட்டி வண்டிகளில் வின்ச் இருக்கிறது, கூடவே மீட்க ஆள் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. ஷோரூமிலிருந்து வந்த சாலை டயரோடு தனி வண்டியாகப் போகும் நம் பிள்ளையிடம் இதில் எது இருக்கிறது?

சிக்கிய வண்டியைச் சேற்றில் இறங்கித் தள்ளுவார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எலி ஏராளம். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் சின்ன வெட்டு இருந்தாலே போதும். மண்ணிலும் சேற்றிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் அதே வழியில் ஏறும். 2010இல் பகாங் மாரானில் லுபோக் யூ என்ற இடத்தில், நீரில் மூழ்கிய இளைஞரைத் தேட இறங்கிய மீட்புப் பணியாளர்களையும் கிராம மக்களையும் இந்த இரண்டு நோயும் தாக்கின. 8 பேர் இறந்தார்கள். உடம்பு திடமான, பயிற்சி பெற்ற ஆட்களும் அதில் பாதிக்கப்பட்டார்கள். சேற்றில் நின்ற ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். மருத்துவமனைக்குப் போய், “தோட்டத்துச் சேத்துல நின்னேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு வரி மிகப் பெரிய உதவி. லிங்கி ஆற்றில் முதலை உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரையோரம் வண்டியைக் கழுவப் போக வேண்டாம்.

தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் பிழைத்தோம் என்று எண்ணாதீர்கள். போர்டிக்சனுக்குப் பக்கத்திலேயே சுங்கை மெஞாலா காப்புக்காடு இருக்கிறது. 1947இலேயே மரங்களை ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கிய ஆய்வு நிலம் அதற்குள் இருக்கிறது. நிரந்தரக் காப்புக்காட்டுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைந்தால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு பாயும்: 10,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தஞ்சோங் துவான் போர்டிக்சன் கடற்கரையில் இருந்தாலும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே அனுமதி கேட்க வேண்டிய இடமும் வேறு. இராணுவ முகாம்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, மின் நிலையங்கள் எல்லாம் இந்த வட்டாரத்தில் உண்டு. துப்பாக்கி நீட்டிய காவலர் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அங்கேயே வண்டியைத் திருப்புங்கள். அந்தப் பலகையில் தமிழிலும் எழுதியிருக்கும். தெரியாது என்று சொல்ல முடியாது.

காப்புறுதியை நம்பியும் இறங்க வேண்டாம். வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளமும் நிலச்சரிவும் சேராது. தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் காடியை இழந்த பல குடும்பங்கள் அதற்குப் பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டன.

போகவே கூடாது என்று சொல்லவில்லை. பொதுச் சாலை எது என்று பார்த்துப் போங்கள். நெகிரி செம்பிலானின் மாநிலச் சாலைகளுக்கு ‘என்’ எழுத்தோடு எண் இருக்கும். கூட்டரசுச் சாலைகளுக்கு எண் மட்டும். ஓரத்தில் கிலோமீட்டர் கல் இருக்கும். ‘ஜாலான் பெர்செண்டிரியான்’ (தனியார் சாலை), ‘டிலாராங் மாசோக்’ (உள்ளே வரத் தடை) என்று பலகை இருந்தாலோ, சங்கிலியோ தடுப்புக் கட்டையோ இருந்தாலோ, அது திறந்தே கிடந்தாலும் உள்ளே போகாதீர்கள். பலகை விழுந்து கிடக்கலாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட நில அலுவலகத்தில் கேட்கலாம். கம்போங்குக்குப் போகத் தோட்டம் விட்டிருக்கும் வழி கம்போங்காரருக்கானது, நமக்கு அல்ல.

கண்ணுக்குக் குளிர்ச்சியான பொதுச் சாலைக்குப் பஞ்சமா? சீலியாவிலிருந்து ரந்தாவ் வழியாக லிங்கிவரை போய்ப் பாருங்கள்; இருபுறமும் தோட்டம்தான். அங்கிருந்து 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் பாசீர் பாஞ்சாங், தெலுக் கெமாங் வழியாகக் கடல் காற்றோடு திரும்பலாம். மலை வளைவு வேண்டுமென்றால் சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா ஏறிக் கோலக் கிளவாங் போகும் சாலை இருக்கிறது. இல்லை, தாத்தாவின் தோட்டத்தைத்தான் பார்த்தாக வேண்டுமா? வாரநாளில் தோட்ட ஆபீசுக்குப் போய், பெயரையும் வண்டி எண்ணையும் கொடுத்து, “கோயிலைப் பார்த்துட்டு வந்திடுறோம் ஐயா, எந்த வழியில போகலாம்?” என்று கேளுங்கள். சரி என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். காலையில் போய் மத்தியானத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள், இரண்டு வண்டியாக.

ஏற்கெனவே உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெக்டேருக்கு நூற்று முப்பது, நூற்று நாற்பது மரம் என்று முக்கோணக் கணக்கில் நட்ட செம்பனைக் காட்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். வழி தேடி இருட்டில் நடக்காதீர்கள். பாம்பும் உண்டு, பன்றிக்குப் போட்ட கம்பிக் கண்ணியும் உண்டு. வண்டியோடு இருங்கள், விளக்கு எரியட்டும், கண்ணாடியை இறக்கிக் கைகள் தெரிய உட்காருங்கள். வருகிறவரிடம் முதலில் வணக்கமோ சலாமோ சொல்லி, வழி தவறிவிட்டோம் என்று சொல்லுங்கள். 999க்கு அழைக்கும்போது “செம்பனைக்குள்ள இருக்கோம்” என்று மட்டும் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தோட்டத்தைப் பிரித்திருக்கும் ஒவ்வொரு காட்டின் மூலையிலும், பாதைகள் கூடும் இடத்தில், சின்னப் பலகையோ கல்லோ நட்டு, மரம் நட்ட ஆண்டையும் காட்டு நம்பரையும் எழுதியிருப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஒவ்வொரு முக்கிலும் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். அந்த நம்பரைச் சொன்னால் தோட்டத்து டிராக்டர்காரர் நேராக அங்கே வந்துவிடுவார்.