சுடுகாட்டு மல்லி தரும் உயிர் மருந்து!

தூத்துக்குடிக்கு வடக்கே எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போனால், கரிசல் காட்டில் ஒரு செடியைப் பார்க்கலாம். ஐந்து இதழ் பூ. பெயர் நித்தியகல்யாணி. "சுடுகாட்டு மல்லி" என்றும் சொல்வார்கள். ஆடு கூட வாய் வைக்காது!

1950-களில் கனடா நாட்டு விஞ்ஞானிகள் நோபிளும் பீரும், இதன் சாறு சர்க்கரை வியாதிக்கு உதவுமா என்று எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன! அதிலிருந்து பிறந்த மருந்துதான் வின்பிளாஸ்டின். நிணநீர்ப் புற்றுநோய்க்கு இன்றும் அது ஊசியாகப் போடப்படுகிறது.

இலையைப் பறித்து அரைத்துக் குடிக்கலாமா? கூடவே கூடாது. அது விஷம்.

காச நோயா, புற்றா?

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லை. மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிகிறது. காச நோயும் இப்படித்தான் வரும். அதனால் சிலர் மாதக் கணக்கில் காச நோய் மாத்திரை தின்று காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். கட்டியை எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

இந்த நோயில் 60-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மெதுவாக வளரும் சில வகைகளுக்கு, தொந்தரவு இல்லையென்றால் உடனே மருந்தே வேண்டாம்; டாக்டர் கண்காணித்து வருவார்.

நாலாவது நிலை

நுரையீரல், ஈரல், எலும்பு மஜ்ஜை வரை பரவினால் நாலாவது நிலை. "இனி அவ்வளவுதான்" என்று வீட்டார் அழுவார்கள். அழ வேண்டாம்! "ஹாட்ஜ்கின்" வகையானால், இந்த நிலையிலும் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

எந்த மருந்தில் தொடங்குவது? வழக்கமானது "ஏ.பி.வி.டி." என்ற நான்கு மருந்துக் கூட்டு. 2 வாரத்துக்கு ஒரு தடவை, 6 மாதம். ஜெர்மனியில் உருவான "பீகாப்" கூட்டு இன்னும் கடுமையானது. நோயை நன்றாக அடக்கும். ஆனால் பிள்ளைப் பேறு போய்விடக்கூடும். மணமாகாத வாலிபனுக்கு இது சின்ன விஷயமா? முதல் ஊசிக்கு முன்பே கூச்சப்படாமல் கேட்க வேண்டும். விந்தணுவைச் சேமித்து வைக்க வசதி உண்டு.

இருதயத்தையும் நுரையீரலையும் முன்கூட்டியே சோதிப்பார்கள். 2 மாதம் கழித்து ஸ்கேன் எடுத்து, மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள்.

முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக, தூத்துக்குடியில் இரவு ரயில் ஏறினால் காலையில் சென்னை. பழைய சோதனைக் காகிதங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இரண்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.