தீவுல போய் ரிட்டயர் ஆகலாமா? பினாங்கு போய் வந்தவர் சொன்ன கணக்கு



போன வாரம் 28 வயசு தம்பி ஒருத்தர் ஐடிஆர் வேலையா நம்ம சங்கரன்கோவில் ஆபீஸுக்கு வந்தார். வேலை முடிஞ்சு எழுந்திருக்கும்போது கேட்டார்: "சார், 55 வயசுல வேலையை விட்டுட்டு பாலி, பினாங்கு மாதிரி ஒரு தீவுல போய் செட்டில் ஆகணும். எவ்வளவு சேர்க்கணும்?"

நல்ல கேள்வி. ஆனா தொகையைச் சொல்றதுக்கு முன்னாடி, நிஜமாவே போய் இருந்துட்டுத் திரும்பி வந்த என் கிளையன்ட் ஒருத்தர் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

அண்ணாச்சி கிளம்பின கதை

அண்ணாச்சி வளைகுடாவில பல வருஷம் இன்ஜினியர். ஊர் திரும்பி, சங்கரன்கோவில்ல ஒரு வீடு, கொஞ்சம் கடை வாடகை, பேங்க் டெபாசிட்னு வசதியாத்தான் இருந்தார். பையன் சிங்கப்பூர்ல. பக்கத்துலயே இருக்கலாமேன்னு 2018-ல தம்பதியா பினாங்கு போனாங்க.

மலேசியாவில 'மலேசியா என் இரண்டாவது இல்லம்'ங்கிற நீண்டகால விசா திட்டம் 2002-ல இருந்து இருக்கு. எம்எம்2எச்-னு சொல்வாங்க. அப்போ 50 வயசு தாண்டினவங்களுக்கு விதி இதுதான்: மாசம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம் காட்டணும், அங்க 1,50,000 ரிங்கிட் டெபாசிட் வைக்கணும். அன்றைய மதிப்புல வருமானம் சுமார் 1.7 லட்சம் ரூபாய், டெபாசிட் சுமார் 25 லட்சம். விசா 10 வருஷம்.

பினாங்கைத் தேர்ந்தெடுத்ததுல தப்பே இல்லை. ஜார்ஜ் டவுன்ல லிட்டில் இந்தியா, தண்ணீர்மலை முருகன் கோயில், தைப்பூசம், நல்ல தனியார் ஆஸ்பத்திரிகள், தமிழ் பேசுற மக்கள். முதல் ஆறு மாசம் டூர் போன மாதிரி இருந்துச்சாம். அதுக்கப்புறம்தான் வாழ்க்கை ஆரம்பிச்சுது.

"அங்க கருவேப்பிலைல இருந்து எல்லாம் கிடைக்கும் தம்பி. வாசல்ல நின்னு பேச ஆளுதான் கிடைக்காது"ன்னு அவங்க வீட்டம்மா சொன்னாங்க. பதினெட்டாவது மாடி ஃபிளாட். லிஃப்ட்ல பார்த்தா சிரிப்பாங்க, அவ்வளவுதான். இங்க ஆடித்தபசுக்கு ஊரே கூடுற நேரத்துல அவங்க அங்க செல்போன்ல பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

2020 மார்ச்ல ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தாங்க. விமானம் நின்னுச்சு, எல்லைகள் மூடிடுச்சு. ஆள் இங்க, துணிமணி, மருந்து, ஃபிளாட் எல்லாம் அங்க. மாசாமாசம் வாடகை மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது.

அடுத்த வருஷம் இன்னொரு இடி. 2021-ல மலேசிய அரசு விதிகளை மாத்துச்சு: மாச வருமானம் 40,000 ரிங்கிட், டெபாசிட் 10 லட்சம் ரிங்கிட், விசா 5 வருஷம். பெரிய எதிர்ப்பு கிளம்பின பிறகு பழைய உறுப்பினர்களுக்குச் சலுகை வந்துச்சு. ஆனா நடுவுல பல வாரம் அண்ணாச்சி தூங்கலை. 2024-ல திரும்பவும் மாத்தினாங்க. இப்போ ஆரம்பப் படியான சில்வருக்கே டெபாசிட் 1,50,000 டாலர், அதாவது 1.25 கோடிக்கு மேல. போதாததுக்கு அங்க வீடும் வாங்கணும்.

2022-ல அவங்க ஊர் திரும்பினாங்க. நஷ்டம் தாங்கிக்கிற அளவுலதான் இருந்தது. காரணம் ரெண்டு: பினாங்குல வீடு வாங்கலை, வாடகைக்கு இருந்தாங்க. சங்கரன்கோவில் வீட்டை விக்கலை.

கணக்கு 1: ரூபாய்ல சேர்த்து ரிங்கிட்ல செலவு பண்றது

"அங்க பணவீக்கம் கம்மி சார்"னு சொல்வாங்க. சரிதான். ஆனா நம்ம ரூபாயும் மதிப்பு இறங்கிக்கிட்டே வருதே! 2005-ல ஒரு டாலர் சுமார் 44 ரூபாய். 2025-ல 86-ஐத் தாண்டிடுச்சு. சராசரியா வருஷத்துக்கு 3.4%.

இப்போ தம்பியோட கணக்கு. இன்னும் 27 வருஷம் இருக்கு.

- சங்கரன்கோவில்ல மாசச் செலவு இன்னிக்கு 30,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 6% பணவீக்கத்துல, 27 வருஷம் கழிச்சு சுமார் 1.45 லட்சம்.
- தீவுல வாடகை, இன்சூரன்ஸ், ஊருக்கு வந்து போற டிக்கெட் எல்லாம் சேர்த்து இன்னிக்கு 1 லட்சம்னு வெச்சுக்குவோம். அங்க பணவீக்கம் 2.5%தான், ரூபாய் இறக்கம் 3%. ரெண்டும் சேர்ந்தா வருஷத்துக்கு 5.6% கிட்ட வரும். 27 வருஷம் கழிச்சு சுமார் 4.3 லட்சம்.

வருஷச் செலவு மாதிரி 25 மடங்கு சேர்க்கணும்ங்கிறது ஒரு தோராய விதி. அதன்படி ஊர்ல இருக்க 4.3 கோடி, தீவுல இருக்க 13 கோடி. பணவீக்கம் கம்மியா இருக்கிற நாடு நமக்கு மலிவான நாடா இருக்கணும்னு அவசியம் இல்லை, புரியுதா?

கணக்கு 2: என்ஆர்ஐ ஆனா கைவிட்டுப் போற சலுகைகள்

இதை யாரும் முன்கூட்டி யோசிக்கிறதில்லை. வெளிநாட்டுலேயே தங்கிட்டா வருமான வரிச் சட்டத்துலயும், அந்நியச் செலாவணிச் சட்டத்துலயும் நீங்க என்ஆர்ஐ. அப்போ என்ன ஆகும்?

1. 87ஏ தள்ளுபடி கிடையாது. வருஷத்துக்கு 10 லட்சம் டெபாசிட் வட்டி மட்டும் வருதுன்னு வெச்சுக்குவோம். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் ரெசிடென்ட்டுக்கு வரி பூஜ்யம். அதே வருமானத்துக்கு என்ஆர்ஐ கட்டுறது 41,600 ரூபாய்.
2. டிடிஎஸ் அதிகம். சேவிங்ஸ் அக்கவுன்ட் என்ஆர்ஓ அக்கவுன்ட்டா மாறணும். அதுல வர்ற வட்டிக்கு பேங்க் 31.2% பிடிக்கும். மேல சொன்ன 10 லட்சத்துக்கு 3.12 லட்சம் போயிடும். மிச்சத்தை ஐடிஆர் போட்டு ரீஃபண்டா வாங்கணும். அதுவரைக்கும் வீட்டுச் செலவுக்கு?
3. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தொடங்க முடியாது. இன்னிக்கு 30 லட்சம் போட்டா 8.2% வட்டில மாசக் கணக்குக்கு 20,500 ரூபாய் வரும். என்ஆர்ஐக்கு அந்தக் கதவு மூடினதுதான். பிபிஎஃப் கணக்கையும் 15 வருஷம் முடிஞ்ச பிறகு நீட்டிக்க முடியாது.
4. மெடிக்கல் இன்சூரன்ஸ். நம்ம ஊர் பாலிசிகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள்ள சிகிச்சைக்குத்தான். அங்க தனியா எடுக்கணும், 60 வயசுக்கு மேல பிரீமியம் ஏறும். அதுக்காக இங்க இருக்கிற பாலிசியை நிறுத்திடாதீங்க. திரும்பி வந்து புதுசா எடுத்தா காத்திருப்புக் காலம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

மலிவு மட்டும் போதாது

இன்னொரு தீவையும் பாருங்க. 2022-ல இலங்கை ரூபாய் சரிஞ்சுது. ஒரு டாலர் 200 ரூபாயா இருந்தது சில மாசத்துல 360 ஆச்சு. வெளிநாட்டுப் பணம் வெச்சிருந்தவங்களுக்கு எல்லாமே மலிவு. ஆனா பெட்ரோலுக்கு நாள்கணக்குல வரிசை, ஆஸ்பத்திரியில மருந்துத் தட்டுப்பாடு. 65 வயசுல பர்ஸ்ல பணம் இருந்து, கடையில மாத்திரை இல்லைன்னா என்ன பண்றது?

அப்போ போகவே கூடாதா?

தாராளமா போங்க! அண்ணாச்சிகிட்ட "போனதுக்கு வருத்தமா?"ன்னு கேட்டேன். "இல்லப்பா, நாலு வருஷம் நல்லா இருந்தோம். திரும்பி வர வீடு இருந்துச்சுல்லா, அதான் நல்லா இருந்தோம்"னார்.

அதுதான் விஷயம். போறதுக்கான பணத்தோட, திரும்பி வர்றதுக்கான பணத்தையும் சேர்த்துத் திட்டம் போடுங்க. இருபதுகள்ல இருக்கிற நீங்க செய்ய வேண்டியது:

- முதல் இலக்கு, சொந்த ஊர்ல நிம்மதியா இருக்கிற அளவுக்கான தொகை. தீவு அதுக்கு மேல ஒரு தனி இலக்கு. ரெண்டையும் ஒரே எஸ்ஐபில கலக்காதீங்க.
- செலவு வெளிநாட்டுப் பணத்துலன்னா, சேமிப்புலயும் ஒரு பகுதி வெளிநாட்டுப் பங்குகள் சார்ந்த ஃபண்டுல இருக்கட்டும்.
- கம்பெனி குரூப் இன்சூரன்ஸை மட்டும் நம்பாம, சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி இப்பவே எடுங்க.
- கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல மழைக்காலம் உட்பட ரெண்டு மூணு மாசம் வாடகைக்கு இருந்து பாருங்க. ஹோட்டல்ல தங்காதீங்க. மார்க்கெட்டுக்கு நடங்க, பல் டாக்டரைத் தேடுங்க, கரன்ட் பில் கட்டுங்க.
- அங்க போன முதல் மூணு வருஷம் வீடு வாங்காதீங்க. இங்க இருக்கிற வீட்டை விக்காதீங்க.
- கணவன் மனைவி ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லாமப் போனா மத்தவங்க அங்க தனியா இருப்பாங்களா? விசா யார் பேர்ல? பேங்க் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? இதைக் கிளம்புறதுக்கு முன்னாடியே உட்கார்ந்து பேசுங்க.

அந்தத் தம்பி கடைசியா, "13 கோடி நம்மால முடியாது சார்"னார். "முதல்ல 4.3 கோடிக்குத் திட்டம் போடுவோம். அது கைக்கு வந்தா, வருஷத்துல ரெண்டு மாசம் தீவுல, பத்து மாசம் இங்க. ரெசிடென்ட் சலுகையும் போகாது, ஆடித்தபசும் தவறாது"ன்னேன். சிரிச்சுக்கிட்டே எஸ்ஐபி தொகையை 2,000 ரூபாய் ஏத்திட்டுப் போனார்.

உங்க சொந்தச் செலவை வெச்சு இதே கணக்கை ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. என்ஆர்ஓ அக்கவுன்ட்ல இருந்து பணத்தை எப்படி வெளிநாட்டுக்கு அனுப்புறதுன்னு அடுத்த வீடியோவுல பார்ப்போம்.