ஓடைக்கரை நடை



கொழும்பு மாநகரை அடுத்துள்ள ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையிலே பெத்தகான என்னும் ஈரநிலப் பூங்கா ஒன்று உண்டு. சதுப்பு நிலத்தின்மீது மரப்பலகைப் பாதை அமைத்து, நகர மக்கள் நடந்தவாறே இயற்கையைக் கற்பதற்கு அங்கே வழிசெய்திருக்கிறார்கள். இத்தகைய ஈரநிலங்களைத் தன்னகத்தே கொண்டிருப்பதால், 2018 ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதல் ஏற்கப்பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று.

சப்பிரகமுவத் தோட்டப்புறங்களில் வாழும் நமக்கு மரப்பலகைப் பாதையும் இல்லை; பெயர்ப்பலகையும் இல்லை. ஆனால் லயத்தின் பின்புறத்திலேயே ஓடை இருக்கிறது. குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் அன்றி, அதன் கரையோரமாக நடந்து அதனை அறிந்துகொள்ளும் பழக்கம் நம்மிடையே அரிதாகவே உள்ளது. அந்த அறிவு வெறும் பொழுதுபோக்கன்று. உயிர் காக்கும் அறிவு என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

குருவிட்டப் பகுதியை எடுத்துக்கொள்வோம். சிவனொளிபாதமலைச் சாரலில் தோன்றும் குருகங்கை, எரத்ன வழியாகக் கீழிறங்கி, அரசிலை வடிவாக விழும் போபத் எல்ல நீர்வீழ்ச்சியைத் தோற்றுவித்துப் பின்னர் களுகங்கையோடு கலக்கின்றது. குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாக மலையுச்சிக்குச் செல்லும் யாத்திரைப் பாதையும் பெரும்பாலும் இந்நீரோட்டத்தை ஒட்டியே ஏறுகிறது. இதில் வந்து சேரும் சிற்றோடைகளோ பல. அவற்றுள் எதன் கரையில் நடந்தாலும் பாடம் ஒன்றே.

முதலில் நீரின் நடையைக் கவனியுங்கள். கற்களின்மீது துள்ளி ஓடுமிடத்தில் நீர் காற்றைத் தன்னுட் கலந்துகொள்கிறது. மீனும் புழுபூச்சியும் மூச்சுவிடுவது அதனால்தான். ஓடை வளையுமிடத்தில் வெளிக்கரையை நீர் அரிக்கும். உட்கரையில் வேகம் குறைவதால் மணலும் பரலும் படியும். பாரமான கற்கள் முதலிலேயே தங்கிவிடும். நம் மாவட்டத்து மாணிக்கக் கற்கள் பண்டைய நீரோட்டங்கள் விட்டுச்சென்ற பரற்படையில், அதாவது இல்லத்தில், கிடைப்பதன் காரணமும் இதுவே. அரிக்கும் கரை எது, படியும் கரை எது என்று அறிந்தவன், வீடு கட்டத்தகாத இடம் எது என்பதையும் அறிவான்.

அடுத்து, நீருக்குள் கிடக்கும் ஒரு கல்லை மெல்லப் புரட்டிப் பாருங்கள். அதன் அடியில் தட்டையான சிறு பூச்சிக் குஞ்சுகள் பலவகையாக ஒட்டிக்கொண்டிருந்தால் நீர் பெரிதும் தூய்மையாக உள்ளது எனலாம். சேறு மூடி வெறுமையாக இருந்தால் மேலே எங்கோ மண் கரைகிறது என்பது பொருள். பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும்.

கரைமர நிழலில், உதிர்ந்த இலைகள் கிடக்கும் ஆழமற்ற நீரில், இரண்டு அங்குல நீளமுள்ள சிறு மீனொன்று வாழ்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீன் செக்கச் சிவந்து தோன்றும். சிங்களத்தில் லே தித்தேயா எனப்படும் இம்மீன் இலங்கைக்கே உரியது. இதனை 1929 ஆம் ஆண்டில் உலகுக்கு விவரித்தவர் அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல. குருவிட்டவை அடுத்த பட்டதொம்பலென குகையை 1930களின் இறுதியில் முதன்முதல் அகழ்ந்தாய்ந்தவரும் அவரே. 1980களின் தொடக்கத்தில் அவர் மைந்தர் சிரான் தெரணியகல அவ்வாய்வைத் தொடர்ந்தார். ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மனிதர் வாழ்ந்தனர் என்றும், நுண்ணிய கற்கருவிகளைச் செய்தனர் என்றும், காட்டுக் கொட்டைகளோடு மரநத்தைகளையும் ஓடை நத்தைகளையும் உண்டனர் என்றும் தெரியவந்தது. அத்துணை காலமாக மனிதனைத் தாங்கிய ஓடைகள், நம் தலைமுறையில் வற்றவும் கலங்கவும் காரணம் யாது?

காரணம் கரையிலே இருக்கிறது. மருதும் மூங்கிலும் தாழையும் தம் வேர்களால் கரையைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. உதிர்ந்த இலைப்படுகை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது. கோடையில் பீலியில் நீர் வருவது இதனால்தான். கரை விளிம்புவரை தேயிலை நட்டாலும், மாணிக்கக் குழி தோண்டினாலும், முதல் பெருமழையிலேயே மண் கரைந்து நீரில் இறங்கிவிடும். மாரியில் வெள்ளம், கோடையில் வறட்சி என்னும் இரண்டும் ஒரே தவறின் இரு பலன்கள். ஓடைகளின் ஊற்றையும் கரையையும் காக்க 1951 ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் இடமளித்திருக்கிறது. எனினும் நாள்தோறும் அக்கரையில் நடப்பவரின் கண்ணே சிறந்த காவல்.

இனி, நடப்போர்க்குச் சில எச்சரிக்கைகள். நாம் நிற்குமிடத்தில் வெயில் காய்ந்தாலும் மலையில் மழை கொட்டக்கூடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, நீரின் ஓசை கனத்தாலோ, உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்; துணியையும் வாளியையும் எடுக்கத் திரும்பலாகாது. மழைக்காலத்தில் சரிவிலுள்ள ஊற்று சேறாக வந்தாலும், நிலத்தில் புதிய வெடிப்புத் தோன்றினாலும், மரங்கள் சாய்ந்தாலும் அவை மண்சரிவின் முன்னறிகுறிகள். அப்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையை எதிர்பார்த்துக் காத்திராமல் லயத்தை விட்டு வெளியேறுவதே அறிவுடைமை. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அடைந்த துயரை நாம் மறக்கவில்லை. காலில் புண்ணிருந்தால் சேற்றுநீரில் இறங்கவேண்டாம். எலிக்காய்ச்சல் இம்மாவட்டத்தில் அடிக்கடி காணப்படும் நோய். அட்டைக்கோ அஞ்சவேண்டியதில்லை, சிறிது உப்பே போதும்.

பெற்றோரே, ஆசிரியரே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அருகிலுள்ள ஓடைக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே இடத்தில் ஒரு கம்பை நட்டு, நீர் எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது, தெளிந்ததா கலங்கியதா என்று ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஓராண்டில் அப்பிள்ளை தன் ஓடையின் குணத்தை அறிந்துவிடும். நள்ளிரவில் மழை வலுக்கும்போது, எழுந்து வெளியேறவேண்டிய வேளை எது என்று லயத்தில் உள்ளவர்க்குச் சொல்ல வல்லது அந்தப் பிள்ளையே.