கீழாநெல்லியும் கண் மஞ்சளும்

எங்கள் வாலிகண்டபுரம் பக்கத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், மருத்துவமனைக்கு வழி சொல்பவர்களைக் காட்டிலும் கீழாநெல்லி முளைத்திருக்கும் வரப்பைக் காட்டுபவர்களே அதிகம். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரிலோ பாலிலோ கரைத்துக் காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பும் எண்ணெயும் ஆகாது. இந்தப் பழக்கம் அறியாமை என்று சிலரும், இதற்கு மேல் மருந்தே இல்லை என்று சிலரும் கூறுவர். தாவரவியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் இரு சாராரிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏனெனில் இந்தச் சிறு செடி உலகப் புகழ் பெற்ற ஆய்வுக்கூடங்கள் வரை சென்று சோதிக்கப்பட்ட செடி. அந்தச் சோதனையின் முடிவு நம்மில் பலருக்கு முழுமையாகத் தெரியாது.

முதலில் மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். நம் இரத்தத்தின் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அது அழியும்போது அதிலுள்ள நிறப்பொருள் சிதைந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாகிறது. கல்லீரல் அதனை வாங்கிப் பக்குவப்படுத்திப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு அதன் வழக்கமான நிறம் வருவது இதனால்தான். பித்தப்பை பித்தநீரைச் சுரப்பதில்லை. கல்லீரல் சுரந்ததை வாங்கிச் சுண்ட வைத்துச் சேமித்து, நாம் உண்ணும்போது பிழிந்து விடும் ஒரு சிறிய பை, அவ்வளவே. இரத்தத்தில் பிலிருபின் நூறு மில்லி லிட்டருக்கு ஒரு மில்லி கிராம் அளவில் இருப்பது இயல்பு. அது மூன்றை நெருங்கும்போது வெள்ளை விழி மஞ்சளாகிறது.

இது மூன்று வகையில் நேரலாம். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழியலாம். கல்லீரலே வைரஸாலோ மதுவாலோ மருந்தாலோ நலிந்திருக்கலாம். அல்லது கல்லீரல் நன்றாக இருந்தும் பித்தநீர் வெளியேறும் குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம். மூன்றிலும் கண் மஞ்சள்தான். நோய் மட்டும் வேறு வேறு. சித்த மருத்துவ நூல்களும் காமாலையை ஒரே நோயாகக் கொள்ளவில்லை. ஊது காமாலை, வறள் காமாலை எனப் பல வகையாகப் பிரித்தே பேசுகின்றன. எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே உருண்டையைக் கொடுக்கும் பழக்கம் நூலில் இருந்து வந்ததன்று. நம் அவசரத்தில் இருந்து வந்தது.

என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். ஓர் ஐப்பசி மாதம் அவருக்குக் கண் மஞ்சளித்தது. பக்கத்து ஊரில் காமாலைக்கு மருந்து கொடுக்கும் முதியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் காசு வாங்குவதில்லை. வெற்றிலை பாக்கு வைத்தால் போதும். முதல் வாரம் மருந்து கொடுத்தார். இரண்டாம் வாரம் பெரியம்மா உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏம்மா, வெளிக்குப் போறது என்ன நெறமா இருக்கு?" என்று கேட்டார்.

"வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி இருக்குங்க."

"அப்படின்னா இது என் மருந்துக்கு அடங்காது. திருச்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று என் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார்.

நாங்கள் உடனே போயிருக்கலாம். ஆனால் உறவினர் ஒருவர், கல்லீரலைச் சுத்தம் செய்யும் மாத்திரை என்று கைப்பேசியில் விளம்பரம் பார்த்து ஒரு புட்டி வரவழைத்துக் கொடுத்தார். பச்சை இலை படம் போட்ட அழகான புட்டி. அதில் ஒன்பது நாள் கழிந்தது. பத்தாம் நாள் இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்த பிறகுதான் வாடகைக் கார் பிடித்தோம். பித்தக் குழாயில் கல் அடைத்து, தேங்கிய பித்தநீரில் கிருமி சேர்ந்திருந்தது. வாய் வழியாகக் குழாய் செலுத்திக் கல்லை எடுத்தார்கள். பிறகு பித்தப்பையையும் அகற்றினார்கள். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். வலி, நடுங்கும் காய்ச்சல், மஞ்சள் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது பித்தக் குழாய் அழற்சி என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ 1877ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் பாராத அந்த முதியவர் மலத்தின் நிறத்தைக் கேட்டுப் பாதியைக் கண்டுகொண்டார். புட்டியோ யாரையும் எதுவும் கேட்பதில்லை.

இனிச் செடியின் கதைக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நுண்ணுயிரியல் அறிஞர் எஸ். பி. தியாகராஜனும் அவர்தம் குழுவினரும் கீழாநெல்லியையும் கரிசலாங்கண்ணியையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் சாறு கல்லீரல் அழற்சி பி வைரஸின் மேலுறைப் புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறதா என்று சோதனைக் குழாயில் ஆராய்ந்து 1982இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருந்த பாருக் பிளம்பெர்க்கின் ஆய்வுக்கூடத்திலும் இந்தச் செடி ஆராயப்பட்டது. பிளம்பெர்க் யார் என்றால், 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் இருந்து அந்தப் புரதத்தையே முதலில் கண்டறிந்தவர். அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர். நம் வரப்போரச் செடிக்கு இதைவிடப் பெரிய பரிசோதகர் கிடைத்திருக்க முடியாது.

1988இல் தியாகராஜன், பிளம்பெர்க் ஆகியோரின் கட்டுரை இலண்டனின் லான்செட் இதழில் வந்தது. நோய் வெளித்தெரியாமல் வைரஸைத் தாங்கி நிற்பவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லி கிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தனர். மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரை. மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அந்தப் புரதம் மறைந்துவிட்டது. போலி மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. கீழாநெல்லி மாத்திரைப் புட்டிகள் இன்றும் இந்தப் பெயரை வைத்தே விற்பனையாகின்றன.

புட்டியின் மேல் எழுதாத பகுதி ஒன்று உண்டு. அறிவியலில் ஒரு முடிவு நிலைக்க வேண்டுமானால் வேறு ஊரில் வேறு கைகள் செய்தாலும் அதே விடை வரவேண்டும். தாய்லாந்தில் செய்து பார்த்தனர். 1990இல் வந்த விடை, பயனில்லை என்பது. நியூசிலாந்தில் செய்தனர், 1994இல் அதே விடை. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2011இல் இந்தச் செடியினத்தைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும், போலி மாத்திரையைவிட இது மேல் என்று நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தது.

அப்படியானால் சென்னையில் கண்டது என்ன? விடை வேறுபட்டதற்குச் செடியின் அடையாளமும் காரணமாகலாம் என்ற பேச்சு உண்டு. இங்கே எங்கள் துறைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். நம் நாட்டுத் தாவர நூல்கள் நெடுங்காலம் கீழாநெல்லியைப் பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதி வந்தன. ஆனால் உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவில் அந்தப் பெயரால் குறிக்கப்பட்டவை அமாரஸ், பிரடெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று தனிச் செடிகள் என்று 1985இல் மித்ராவும் ஜெயினும் எழுதினர். மூன்றும் ஓரடிக்குச் சற்று மேலே வளர்பவை. மூன்றிலும் இலைக்காம்பின் கீழ் வரிசையாகக் காய் தொங்கும். வரப்பில் குனிந்து ஒரு கைப்பிடி பிடுங்குபவர் எதைப் பிடுங்கினார் என்பதை உருப்பெருக்கி இல்லாமல் சொல்வது கடினம். அரைத்துப் பொடியாக்கி உறையில் அடைத்த பிறகு எங்கள் பேராசிரியர்களாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

'எங்கள் பாட்டனுக்குக் குணமாயிற்றே' என்று கேட்பீர்கள். ஆயிற்று, உண்மை. நம் நாட்டில் மழைக்காலத்திலும் குடிநீர் கெடும் காலத்திலும் வரும் காமாலை பெரும்பாலும் ஏ, இ என்ற இரு வைரஸ்களால் வருவது. 1955-56இல் தில்லியில் சாக்கடை நீர் குடிநீரில் கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அதற்குக் காரணம் இ வகை என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. இந்த இரு வகையும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் பி வகையும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குத் தானே அகன்றுவிடும். உருண்டை கொடுத்தாலும் இறங்கும், கொடுக்காவிட்டாலும் இறங்கும். பாராட்டு மட்டும் உருண்டைக்குப் போய்ச் சேர்கிறது. ஓய்வெடு, கள் சாராயம் தொடாதே என்ற பத்தியம் மிக நல்லது. அதில் மருத்துவருக்கும் பாட்டிக்கும் சண்டை இல்லை. உப்பையும் சோற்றையும் குறைத்து நோயாளியை வாட்டுவதுதான் வேண்டாத வேலை.

பித்தப்பைக் கல்லில் இன்னொரு குழப்பம் சேர்கிறது. சிறுநீரகக் கல்லும் கல், பித்தக் கல்லும் கல். ஆகவே சிறுநீரகக் கல்லுக்குச் சொன்ன வாழைத்தண்டுச் சாற்றையும் சிறுபீளைக் குடிநீரையும் இதற்கும் குடிக்கிறார்கள். சிறுநீரகக் கல் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. நிறைய நீர் பருகினால் சிறியது சிறுநீரோடு இறங்கலாம். பித்தப்பைக்கு அந்த நீர் போவதில்லை. அங்கிருந்து கல் நகர்ந்தால் குழாயில் சிக்குவதே பெரும் ஆபத்து. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஒரே இரவில் குடித்தால் பச்சை நிறக் கற்கள் வெளியேறும் என்பது ஒரு புதிய வைத்தியம். வெளியேறிய அந்தக் கற்களை ஆராய்ந்தவர்கள் 2005இல் லான்செட்டில் எழுதினார்கள்: அவை குடித்த எண்ணெய் குடலில் சவர்க்காரமாகித் திரண்ட உருண்டைகள். கல்லைக் கரைக்கும் உண்மையான மருந்து ஒன்று உண்டு, அர்சோடியாக்சிகோலிக் அமிலம். அதுவும் கொலஸ்டிராலால் ஆன சிறு கற்களையே, அதுவும் பல மாதங்களில், கரைக்கும். நிறமிக் கற்களிடம் அதன் பாச்சா பலிக்காது. தென்னாட்டில் அந்த வகையே மிகுதி. வலி தரும் பித்தப்பையை அகற்றுவதே இன்றும் நிலையான வழி. 1882இல் பெர்லினில் லாங்கன்புக் முதன்முதலில் அதைச் செய்தார். வயிற்றைக் கிழிக்காமல் துளையிட்டுச் செய்யும் முறை 1990இல் மும்பையில் மருத்துவர் உத்வாடியா கையால் இந்தியாவுக்கு வந்தது.

பயனில்லாவிட்டாலும் தீங்கில்லையே என்று விட்டுவிடலாமா? அதுவும் முடியவில்லை. கொரோனாக் காலத்தில் உடலுக்கு எதிர்ப்பு ஆற்றல் தரும் என்று சீந்தில் கொடியைக் கஷாயமாகவும் மாத்திரையாகவும் பலர் உண்டனர். 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் உண்டபின் கல்லீரல் அழற்சி கண்ட ஆறு பேரைப் பற்றி எழுதினர். அடுத்த ஆண்டு நாட்டின் 13 மருத்துவமனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் 43 பேர் தேறினர். மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பில் இடும் மஞ்சள் குடலில் மிகக் கொஞ்சமே ஈர்க்கப்படும். அதனோடு மிளகின் சாரமான பைப்பரின் சேர்ந்தால் மனிதரின் இரத்தத்தில் அதன் அளவு இருபது மடங்கு கூடுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் கண்டனர். அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு மஞ்சளும் மிளகுச் சாரமும் அடைத்த மாத்திரைகள் கடைக்கு வந்தன. பிறகு அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட பத்துப் பேரின் விவரம் 2022இல் வெளியானது. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மஞ்சள் வேறு. அதையே சாறெடுத்துச் செறிவாக்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. கல்லீரலுக்கு நல்லது என்று விழுங்குவதையும் உடைத்துப் பிரிக்க வேண்டியது அதே கல்லீரல்தான்.

கடையில் வாங்கும்போது புட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உணவுச் சத்து மாத்திரையாக விற்கப்படும் எதிலும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்ற வாசகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்புறத்தில் கல்லீரல் படம், பின்புறத்தில் பொடி எழுத்தில் இந்த வாசகம்! வேடிக்கைதான்.

கண் மஞ்சளித்தால் செய்ய வேண்டியது கடினமானதன்று. பிலிருபின் எவ்வளவு, அது எந்த வகை, கல்லீரல் நொதிகள் எப்படி என்பதை ஒரு குப்பி இரத்தம் சொல்லிவிடும். குழாய் அடைப்பா என்பதை வயிற்று ஸ்கேன் பெரும்பாலும் காட்டிவிடும். பி வகையா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. நாட்பட்ட பி வகையை அடக்கி வைக்க இன்று நாளுக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. இந்த விடைகள் வரும் முன்பே கீழாநெல்லி குடிக்கத் தொடங்கியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். எத்தனை நாள், என்ன அளவு என்று சொல்லுங்கள். சுண்ணாம்பு நிற மலம், தூங்க விடாத நமைச்சல், நடுங்கும் காய்ச்சல், பேச்சில் தடுமாற்றம், வாந்தியில் இரத்தம் இவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கருவுற்ற பெண்ணுக்குக் கண் மஞ்சளித்தால் இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். மற்றவர்களுக்குத் தானே தணியும் இ வகைக் காமாலை, கருவின் கடைசி மூன்று மாதங்களில் நூற்றுக்கு இருபது பேர் வரை உயிரைப் பறித்துவிடும்.